சூப்பாயாவின் தேசிய கீதம்

குலசிங்கத்துக்குச் சங்கீதம் வராது. இதை அவரே முதலில் சொல்லிவிடுவார், மற்றவர்கள் சொல்லிக் கேட்கும் தேவை வரக்கூடாது என்பதற்காக. யாழ்ப்பாணத்து மட்டுவிலில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். அரிசி மூட்டையைக் கையால் ஒருதரம் அசைத்துப் பார்த்தே எத்தனை கிலோ குறைகிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் வீட்டுப் பூசையில் அவர் தேவாரம் பாடத் தொடங்கினால் மனைவி ஜெயமலர் மணியைக் கொஞ்சம் பலமாக ஆட்டுவாள். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு நாற்பத்திரண்டாவது வயதில் ஆபிரிக்க நாடொன்றின் தேசிய கீதத்தை வரி பிசகாமல் மனப்பாடம் செய்யவேண்டி வந்தது.

1990ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். ஊரில் சண்டை மூண்டு சங்கக்கடைக்கூரை பறந்த பிறகு, மனைவியையும் ஐந்து வயது மகள் துர்க்காவையும் கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, கனடாவுக்கென்று கிளம்பியவர் பாங்கொக்கில் ஓர் அறையில் அடைபட்டுக் கிடந்தார். அவரை அனுப்பப் பொறுப்பெடுத்த ஏஜென்ற் இராஜரட்ணம் ஒருநாள் ஒரு கடவுச்சீட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டான். மொறிசியஸ் நாட்டுக் கடவுச்சீட்டு. உள்ளே குலசிங்கத்தின் படம். பெயர் மட்டும் வேறு.

"சுப்பையா எண்டு கிடக்கு," என்றார் குலசிங்கம். ஊர்ப்பெயரைக் கண்ட ஆறுதல் அவருக்கு.

"சுப்பையா இல்லை அண்ணை. சூப்பாயா. அந்த நாட்டிலை எங்கட ஆக்கள் கனபேர் இருக்கினம். அந்தக் காலத்திலை கரும்புத் தோட்டத்துக்குப் போன சனம். பேர் எங்கட பேர், வாய் பிரெஞ்சுக்காரன்ர வாய். சொல்லும் பாப்பம், சூப்பாயா."

"சூப்பாயா."

"ஊர் கத்ர் போர்ன். தலைநகர் போர்ட் லூயி. கொடியிலை நாலு நிறம்: சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. இதெல்லாம் ஒரு நாளிலை பாடமாக்கலாம். மெயினான விசயம் இதுதான்."

இராஜரட்ணம் ஒரு கொப்பித்தாளை நீட்டினான். அதில் ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு குட்டி வரிகள். மொறிசியசின் தேசிய கீதம். போன மாதம் அனுப்பிய ஒருவன் இதைப் பாடத் தெரியாமல் விமான நிலையத்தில் பிடிபட்டான் என்று இராஜரட்ணம் சொன்னான். குலசிங்கம் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அன்று தொடங்கிய பாடம் ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாளும், நடந்தது. வரிகளைத் தாளில் பார்த்துப் படிக்கலாம், மெட்டுக்கு எங்கே போவது? அதையும் இராஜரட்ணமே சொல்லிக் கொடுத்தான். நெஞ்சை நிமிர்த்தி, மேசையில் தாளம் தட்டி, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் காலால் ஓர் உதை உதைத்துப் பாடுவான். அவனுக்கு அந்த மெட்டு எப்படித் தெரியும் என்று குலசிங்கம் கேட்கவில்லை. மூட்டைக்குள் கல் கிடக்கிறதா என்று தேடித்தேடிப் பார்த்த சங்கக்கடை மனேச்சர் அந்த ஒரு சரக்கை மட்டும் நிறுக்காமல் வாங்கிவிட்டார்.

"பிளேன் ஏறுமட்டும்தான் சூப்பாயா," என்று கடைசி நாளில் இராஜரட்ணம் சொல்லி அனுப்பினான். "ரொறன்ரோவிலை இறங்கினதும் அவனை மறந்திடும். சொந்தப் பேரைச் சொல்லும், சிறிலங்கா எண்டு சொல்லும், அகதி எண்டு சொல்லும். விளங்கிச்சே?"

விளங்கியது. பாங்கொக்கில் விமானச் சீட்டைப் பார்த்த பெண் அவரைப் பாடச் சொல்லவில்லை. முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ஐந்து கிழமை படித்த பாடத்தில் ஒரு கேள்வியும் வராத பரீட்சை. விமானத்தில் குலசிங்கத்துக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், சின்னதாக ஒரு ஏமாற்றம்கூட இருந்தது.

1991 பெப்ரவரியில் ரொறன்ரோவில் வந்து இறங்கினார். குடிவரவு மேசையில் இருந்த பெண் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சரியாகத்தான் தொடங்கினார். சொந்தப் பெயரைச் சொன்னார். சிறிலங்கா என்றார். அகதி என்றார். அந்த அம்மா கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு அமைதியாகக் கேட்டார்: "அப்படியானால் இது என்ன? நீங்கள் மொறிசியஸ் நாட்டவரா?"

குலசிங்கத்தின் காதில் "மொறிசியஸ்" என்ற ஒற்றைச் சொல் மட்டுமே விழுந்தது. இருபது மணிநேரம் தூங்காத மூளை. ஐந்து கிழமை பழகிய உடம்பு. கால் இரண்டும் தானாக ஒட்டின, நெஞ்சு நிமிர்ந்தது, கை இரண்டும் பக்கவாட்டில் விறைத்தன. குலசிங்கம் பாடினார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, கால் உதை உட்பட.

வரிசையில் நின்றவர்களில் ஓர் இத்தாலியக் கிழவர் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினார். அதிகாரி பேனாவை வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார். பிறகு மொழிபெயர்ப்பாளரை அழைத்தார்.

மொழிபெயர்க்க வந்த பேர்ணடெற் என்ற யாழ்ப்பாணத்துப் பெண் கோப்பைப் படித்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணை, நீங்கள் சிறிலங்கா எண்டு சொல்லுறியள். ஆனா இவையளுக்கு மொறிசியசின்ர தேசிய கீதத்தைப் பாடிக் காட்டியிருக்கிறியள். ஏன் எண்டு கேக்கினம்."

"பிள்ளை, அது... பழக்கத்திலை வந்திட்டுது."

இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாளோ தெரியாது. அதிகாரியின் வாய்க்கோணம் ஒருதரம் துடித்ததை மட்டும் குலசிங்கம் கண்டார்.

ஆனால் கோப்பில் ஏறியது ஏறியதுதான். அடுத்த வருடம் அகதி விசாரணையில் அந்தப் பாட்டு முதல் பக்கத்திலேயே நின்றது. இவர் உண்மையில் எந்த நாட்டுக்காரர் என்பதே பெரிய கேள்வியாகிவிட்டது. விசாரித்தவர் நிதானமான மனிதர். "உங்கள் சொந்த நாட்டுத் தேசிய கீதத்தைப் பாட முடியுமா?" என்று கேட்டார்.

குலசிங்கம் யோசித்துப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் எல்லோரோடும் சேர்ந்து வாயசைத்தது ஞாபகம் வந்தது. அதற்கப்பால் ஒன்றும் வரவில்லை.

"தெரியாது ஐயா," என்றார்.

"மொறிசியசினுடையது தெரிகிறது?"

"அது முழுக்கத் தெரியும் ஐயா."

அவருடைய வழக்கறிஞர் நெற்றியில் கைவைத்தார். பிறகு அந்த வழக்கறிஞருக்கே ஒரு யோசனை பிடிபட்டது. மட்டுவிலில் என்ன வேலை பார்த்தீர்கள், அதைச் சொல்லுங்கள் என்றார். குலசிங்கம் சொல்லத் தொடங்கினார். கூப்பனுக்கு எத்தனை கொத்து அரிசி, சீனி வராத மாதம் சனம் என்ன செய்யும், மண்ணெண்ணெய்ப் பீப்பாயை லொறியிலிருந்து எந்தப் பக்கமாக உருட்டவேண்டும், ஆனையிறவுச் சோதனைச் சாவடியில் லொறி எத்தனை மணிநேரம் நிற்கும். இருபது நிமிடம் ஓடியது. செத்தல் மிளகாய்க்கு அவர் வந்தபோது விசாரித்தவர் கையை உயர்த்தினார். "போதும். இதை யாரும் பாடமாக்கி வரமுடியாது."

ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தக் கதையை ஊரெல்லாம் பரப்பியது வேறு யாருமில்லை, குலசிங்கமேதான். ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுண் குடியிருப்பின் பதினாறாம் மாடியில் அவரோடு அறையைப் பங்குபோட்டுக்கொண்ட மன்னார்க்காரன் அலெக்ஸாண்டரிடம் முதலில் சொன்னார். அலெக்ஸாண்டர் சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்தான். அதற்குப் பிறகு எந்தப் பிறந்தநாள் விழாவிலும், எந்தப் புதுமனை புகுவிழாவிலும், சாப்பாடு முடிந்ததும் ஒரு குரல் எழும்: "குலமண்ணை, உங்கட நாட்டுக் கீதத்தை ஒருக்காப் பாடுங்கோவன்!" அவர் ஒருதரம் மறுப்பார். இரண்டாம் தரம் மறுக்கமாட்டார். பாடகனாக அவருக்குக் கிடைத்த ஒரே மேடை அது. சனம் சிரிப்பது தன் குரலைக் கேட்டு என்று அவருக்குத் தெரியும்; கீதத்தில் குற்றமில்லை என்பது அவர் எண்ணம். "குரல் கழுதைதான். ஆனா சரக்கு ஒறிஜினல்," என்பார்.

1995இல் ஜெயமலரும் துர்க்காவும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்திலிருந்து வீடு வந்த மூன்றாம் நாளே ஒரு விருந்தில் ஜெயமலர் இந்தக் காட்சியைப் பார்த்தாள். ஊரில் தமிழ் படிப்பித்த வாத்திச்சி அவள்.

"இஞ்சேருங்கோ, நாலு வருசமா இதைத்தான் செய்துகொண்டிருந்தனீங்களோ?" என்று மட்டும் கேட்டாள்.

குலசிங்கத்துக்கும் அலெக்ஸாண்டருக்கும் அப்போது வேலை ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, இஸ்திரி மெசினுக்குக் கொடுத்து, மடித்து அனுப்பும் வேலை. 1997 இலையுதிர்காலத்தில் அங்கே புதிய சுப்பவைசராக ஓர் அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மாநிறம், குட்டையான உருவம், நெற்றியில் சின்னப் பொட்டு, பேச்சில் பிரெஞ்சு வாடை. பெயர் மதாம் வலேதோன்.

"வேலாயுதன் எண்டதுதான் அப்பிடி வந்திருக்கு," என்று அலெக்ஸாண்டர் விசாரித்துக்கொண்டு வந்தான். "அண்ணை, அவ எந்த நாடு தெரியுமோ?" அவன் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்ததுமே குலசிங்கத்துக்கு விடை தெரிந்துவிட்டது.

அவருக்குப் பயம் பிடித்தது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் உண்மை அதுதான். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாட்டின் கடவுச்சீட்டைத் திருட்டுத்தனமாகக் கொண்டு திரிந்தவன் முன்னால் அந்த நாடே பொட்டு வைத்துக்கொண்டு வந்து நிற்பது போல இருந்தது. மதாம் இஸ்திரிப் பக்கம் வந்தால் இவர் மடிப்புப் பக்கம் போவார். மடிப்புப் பக்கம் வந்தால் கழிப்பறைக்குப் போவார். இரண்டு கிழமையில் மதாமே அவரைக் கூப்பிட்டு, "மிஸ்யே கூலா, உங்களுக்கு வயிற்றில் ஏதும் வருத்தமா? டொக்டரிடம் போனீர்களா?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டார்.

பக்கத்தில் நின்ற அலெக்ஸாண்டரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கதை முழுவதையும் தன் அரைகுறை ஆங்கிலத்தில் கொட்டிவிட்டான்.

மதாம் இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டு நின்றார். குலசிங்கம் நிலத்தைப் பார்த்தார். வேலை போகப்போகிறது என்று நினைத்தார்.

"பாடுங்கள்," என்றார் மதாம்.

மதியச் சாப்பாட்டறையில், பிலிப்பைன்காரரும் போர்த்துக்கீசரும் பார்த்திருக்க, குலசிங்கம் எழுந்து நின்று பாடினார். முதல் இரண்டு வரி மட்டும் மதாம் முகம் சுளித்துக்கொண்டிருந்தார், புரியாத பாஷை கேட்பது போல. மூன்றாம் வரியில் ஒரு சொல் பிடிபட்டது. கண் விரிந்தது. குலசிங்கம் காலை உதைத்தபோது மதாம், "அயோ!" என்றார்.

"தமிழ் தெரியுமோ?" என்றார் குலசிங்கம் பதறிப்போய்.

"இல்லை. இது எங்கள் ஊர்ச் சொல். எல்லோரும் சொல்வார்கள். மிஸ்யே கூலா, வார்த்தைகள் அத்தனையும் சரி. ஒன்றும் தப்பில்லை. ஆனால் இது என்ன ராகம்?"

"இதுதானே ராகம்?"

மதாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்துத்தான். பிறகு, மெல்லிய குரலில், கையில் ஒரு விரிப்பை வைத்துக்கொண்டே, அந்தக் கீதத்தை அவர் பாடினார். அது நிதானமாக, ஆறுதலாக எழுந்து தணிந்தது. உதைப்பதற்கு அதில் இடமே இல்லை. இரண்டு வரி கேட்டதுமே குலசிங்கத்துக்கு விளங்கிவிட்டது. இராஜரட்ணம் கற்றுத்தந்தது அவன் படித்த பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகள் அணிநடை போகும்போது பாண்ட் அடிக்கும் மெட்டாகத்தான் இருக்கவேண்டும். விமான நிலையத்தில் அதைக் கேட்டு ஒருவர் தொப்பி கழற்றினாரே என்று நினைக்க, காது மடல் சுட்டது. ஆறு வருடமாக எத்தனை வீட்டு விறாந்தையில், எத்தனை கேக்குக்கு முன்னால்! ஒறிஜினல் சரக்காம்!

"அலெக்ஸ், நீ ஒருத்தருக்கும் சொல்லாதை," என்றார்.

"சீச்சீ," என்றான் அலெக்ஸாண்டர். ஞாயிற்றுக்கிழமைக்குள், நம்முடைய சனம் நிறைந்த ஸ்காபறோ முழுக்கத் தெரிந்திருந்தது.

மதாம் அவரை விடவில்லை. இடைவேளைகளில் சரியான மெட்டைச் சொல்லிக் கொடுத்தார். வீட்டில் செய்த கடலைப்பருப்பு வடையைக் கொண்டுவந்து பிரெஞ்சுப் பெயர் சொல்லிக் கொடுத்தார், "உது எங்கட வடையெல்லோ!" என்று குலசிங்கம் சொன்னதற்கு, "இல்லை, எங்களுடையது," என்று சண்டை பிடித்தார். மார்ச் மாதம் மொறிசியஸ் சுதந்திரமடைந்து முப்பது வருடம் நிறைகிறது, ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் விழா, குடும்பத்தோடு கட்டாயம் வரவேண்டும் என்றும் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை குலசிங்கம் கோட் போட்டுக்கொண்டு போனார். ஜெயமலர் காஞ்சிபுரம் உடுத்திருந்தாள். பன்னிரண்டு வயதுத் துர்க்கா, "அப்பா, please don't sing, okay? Promise?" என்று காரிலேயே சத்தியம் வாங்கிவிட்டாள்.

மண்டபத்தில் இருநூறு பேர் இருப்பார்கள். சீனர், கறுப்பர், வெள்ளைத் தோல் பிரெஞ்சுக்காரர், முஸ்லிம்கள், தெலுங்கர், நம்முடைய முகங்கள் எல்லாம் ஒரே பாஷையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. கொடி ஏற்றினார்கள். எல்லோரும் எழுந்தார்கள். இசைநாடாவைப் போட்டார்கள், அது இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது. ஆளையாள் பார்த்தார்கள். யாரோ முன்னால் தொடங்க, எல்லோரும் சேர்ந்தார்கள்.

குலசிங்கம் சத்தியத்தைக் காப்பாற்றத்தான் நினைத்தார். ஆனால் மண்டபத்தின் பின்பாதியில் அவருக்கு முன்னால் நின்ற இளம்பிள்ளைகள், இங்கே வளர்ந்தவை, மூன்றாம் வரியில் சொல் தெரியாமல் முனகத் தொடங்கின. சொல் தெரிந்த ஒருவர் பின்னால் சும்மா நிற்க முடியுமா? உதவிக்குத்தான் வாயைத் திறந்தார். முதல் சொல் மதாமின் மெட்டில் வந்தது. இரண்டாவது சொல் இராஜரட்ணத்தின் மெட்டில் போய்விட்டது. அவருடைய குரலோ பெரிய குரல். அந்தப் பிள்ளைகள் பாவம், கேட்டதைப் பிடித்துக்கொண்டன. பிறகு அந்த மண்டபத்தில் இரண்டு கீதம் ஓடியது: முன்பாதி ஆறுதலாக நடந்தது, பின்பாதி அணிநடை போனது. அணிநடை எட்டுச் செக்கன் முந்தி முடிந்து, உதையும் விழுந்தது.

துர்க்கா தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

கீதம் முடிந்ததும் ஒரு நரைத்த மனிதர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிய முகம். "நீங்கள் எந்த ஊர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"கத்ர் போர்ன்," என்றது குலசிங்கத்தின் வாய். அவர் யோசிப்பதற்கு முன்பே.

"நானும் கத்ர் போர்ன்! எந்தத் தெரு? யாருடைய பிள்ளை?"

குலசிங்கம் ஜெயமலரைப் பார்த்தார். அவள் உதவவில்லை. இனிமேல் ஒளிக்க ஒன்றுமில்லை என்று அவருக்குத் தோன்றியது. உள்ளதைச் சொன்னார்: பாங்கொக் அறை, கொப்பித்தாள், சூப்பாயா, விமான நிலையம். ஒவ்வொருவராகச் சுற்றி வந்து நின்று கேட்டார்கள். பக்கத்தில் நின்ற மதாம், அவர் சொல்லாமல் விட்டதை எடுத்துக் கொடுத்தார்.

"உங்கட நாட்டுப் பேரைக் களவாகப் பாவிச்சிட்டேன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்று கடைசியில் சொன்னார். தமிழிலேயே வந்துவிட்டது. துர்க்காதான் தலையை வெளியே எடுத்து, அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

நரைத்த மனிதர் அவர் தோளில் தட்டினார். "எங்கள் ஊரில் கல்லெறிந்தால் அது ஒரு சூப்பாயா தலையில்தான் விழும். இன்னொரு சூப்பாயா கூடினால் என்ன குறைந்துவிடும்? வாரும், சாப்பிடுவோம்."

அதற்குப் பிறகு ஒருநாள் மதாம் தன் கைப்பையிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்துக் குலசிங்கத்திடம் கொடுத்தார். சின்ன வயதில் கோயில் வகுப்பில் எழுதிக் கொடுத்ததாம். பிரெஞ்சு எழுத்தில் ஏதோ நாலடி. தைப்பூசத்துக்குத் தைப்பூசம் பாடிவந்திருக்கிறார். மதாம் பாடிக் காட்டியபோது, மூன்றாம் அடியில்தான் அது தேவாரம் என்று குலசிங்கத்துக்கு விளங்கியது.

"இதற்கு என்ன பொருள், மிஸ்யே கூலா? இத்தனை வருடமும் பாடுகிறேன். கேட்க ஆளில்லாமல் போய்விட்டது."

குலசிங்கம் தொண்டையைக் கனைத்தார். "பெரிய தத்துவம். ஆறுதலாய்த்தான் சொல்லவேணும். திங்கட்கிழமை சொல்லுறன்," என்று ஆங்கிலத்தில் சமாளித்தார்.

வீட்டுக்கு வந்து அதைத் தமிழில் எழுதிப் பார்த்தார். பாதிச் சொல்லுக்கு அவருக்குப் பொருள் தெரியவில்லை. ஜெயமலரிடம் மெல்லக் கொண்டுபோய் நீட்டினார்.

"நீங்களும் சின்னனிலையிருந்து பாடுறியள். இது தெரியாதே?"

"பாடுறனான். பொருள் கேட்டனானே?"

ஜெயமலர் அன்று முழு மாலையும் இருந்து சொல் பிரித்து எழுதினாள். எழுதியதை அவரிடம் கொடுக்கவில்லை; உங்கட வாயிலை போனா அணிநடைதான் வரும், அவவை வீட்டை கூட்டிக்கொண்டு வாங்கோ என்றாள். மதாம் வந்தார். அடுத்த கிழமையும் வந்தார். அதன்பிறகு அந்த இரண்டு பெண்களுக்கும் குலசிங்கம் தேவைப்பட்டது வாகனம் ஓட்டுவதற்கு மட்டும்தான்.

வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து மூவரும் றிச்மண்ட்ஹில் கோயிலுக்குப் போவார்கள். பின்னிருக்கையில் இரண்டு பேரும் பாடம் நடத்துவார்கள். ஒரு வெள்ளி, 404 நெடுஞ்சாலையில் போகும்போது, மதாம் இரண்டாம் அடியில் ஒரு சொல்லைக் கேட்டார். ஜெயமலர் வாயைத் திறப்பதற்குள் குலசிங்கம் முந்திக்கொண்டு, அது தனக்குப் பிறவியிலேயே தெரியும் என்பது போல, ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து விளக்கத் தொடங்கினார். நல்ல விளக்கம். உதாரணமும் சொன்னார்.

"இஞ்சேருங்கோ," என்றாள் ஜெயமலர். "நாங்கள் இறங்கவேண்டிய எக்சிற் போட்டுது."

"அயோ," என்றார் மதாம்.

அடுத்த எக்சிற்றில் இறங்கித் திரும்பி வந்தார்கள். கோயிலில் பூசை பாதி முடிந்திருந்தது.